போர் தண்ணீரில் ஃபுளோரைடு: ஊராட்சி எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஊராட்சியில் போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்துக்கு அது ஆச்சரியமான அளவு ஒன்றும் இல்லை. கிராம சபையில் அதைப் படித்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இன்னும் இருநூறு அடி இறக்கிப் பார்க்கலாம் என்பார் ஒருவர். தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்திச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் கேட்டு மனு கொடுக்கலாம் என்பார் இன்னொருவர். ஒகேனக்கல் லைன் இருக்கும்போது வேறெதற்கு என்று ஒரு குரல் வரும். நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம், எங்களுக்குக் கவலையில்லை என்று பின்வரிசையிலிருந்தும் ஒரு பேச்சு வரும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. என் முடிவை ஒளித்து வைக்கப்போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த 3 மில்லிகிராம் யாருக்கு என்ன செய்யும் என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் வழிகளை ஒப்பிட்டால் விலையைத்தான் ஒப்பிடுவோம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். ஆனால் இவை தண்ணீருக்குப் போட்ட எல்லைகள். உடம்புக்குக் கேடு செய்வது ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு உள்ளே போகிறது, அது எத்தனை வருடம் தொடர்கிறது என்பதுதான். வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பார். சோறு, குழம்பு, களி வழியாக இன்னொரு லிட்டர் போகும். ஆக நான்கு லிட்டர், 12 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 14 மில்லிகிராம் போனால் எலும்பு பாதிக்கப்படுவது உறுதி, 6ஐத் தாண்டினாலே அதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் காட்டு வேலைக்காரர் அந்த இரண்டுக்கும் நடுவில், மேல் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

குழந்தையின் கணக்கு இதைவிட மோசம். நாலைந்து வயதுக் குழந்தை ஒரு லிட்டர் குடித்து, சாப்பாட்டில் அரை லிட்டர் சேர்த்துக்கொண்டால் 4.5 மில்லிகிராம். நான்கிலிருந்து எட்டு வயது வரை ஒரு நாளைக்கு 2.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 1997இல் வரையறுத்தது. அதைப்போல இரண்டு மடங்கு. பல்லின் எனாமல் உருவாகிற வயது கிட்டத்தட்ட எட்டோடு முடிகிறது. அதற்குள் ஏறிய கறை ஏறியதுதான். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மேல் முன்பற்களைப் பார்த்தால் தெரியும். குறுக்காக, இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே உயரத்தில், சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு பட்டை ஓடும். வெற்றிலைக் கறைபோல ஈறு ஓரத்தில் படிந்து நிற்காது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறார்கள். அதைப் பார்க்கிற யாருக்கும் இது அழகுப் பிரச்சினை, விட்டுவிடலாம் என்று சொல்ல மனம் வராது.

பெரியவர்களுக்கு எலும்பில் ஏறுவது மெதுவாக நடக்கும். முட்டி வலி, முதுகு வலி என்று ஆரம்பித்து வாயு, வயசாகிவிட்டது என்றே பல வருடம் ஓடிவிடும். சுகாதாரப் பணியாளர்கள் செய்துபார்க்கும் மூன்று எளிய சோதனைகள் உண்டு. முட்டியை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா, தாடையை மார்பில் தொட முடிகிறதா, கையைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கித் தலையின் பின்பக்கத்தைத் தொட முடிகிறதா. முடியவில்லை என்பதாலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிகுந்து வரும் நோய், என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே தெருவில் நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கு முடியவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதியது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். கண்டுபிடித்து இத்தனை காலமாகியும் நாம் இன்னும் குழாயடியில் நின்று வாதம் செய்துகொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

சரி, வழிகளுக்கு வருவோம். நான் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். குடிக்கிற தண்ணீரோடு சமைக்கிற தண்ணீரையும் சேர்த்துச் சரி செய்கிறதா? பழுதானால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? விலை, பராமரிப்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் ருசியும் இல்லை. ஒரு வழி ஓசையில்லாமல் தோற்றுப்போனால், பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே நஞ்சைக் குடிப்போம். அதற்கு, கெட்ட தண்ணீர் என்று தெரிந்து குடிப்பதே மேல். அப்போதாவது தேடுவோம்.

இன்னும் ஆழமாகப் போர் போடுவதை முதலிலேயே தள்ளிவிடலாம். இங்கே பூமிக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. அதிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் தண்ணீர் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனைக்கு அது கரைந்து வரும். ஆழத்துத் தண்ணீர் பெரும்பாலும் பழைய தண்ணீர். அதனால் ஆழம் போகப்போக ஃபுளோரைடு கூடவே வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். வாய்க்கு மிருதுவாக இருக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும் என்பதற்காக ஒரு கிணற்றை நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஊர் பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயரை நம்பக் கூடாது. அதற்காக ஊரிலுள்ள எல்லாக் கிணறும் மோசம் என்றும் அர்த்தமில்லை. ஒரே ஊரில் ஒரு போரில் 3, அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் 0.8 என்று இருப்பது இந்தப் பாறைகளில் சகஜம். அதனால் புதுக் குழி தோண்டுவதற்கு முன், ஊரில் ஏற்கெனவே இருக்கிற போர், கைப்பம்பு, திறந்த கிணறு அத்தனையையும் சோதித்துவிடுவது நல்லது. களச் சோதனைப் பெட்டியில் ஒரு சிறு குழாய்த் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் ரோஜா நிறம் வரும். ஃபுளோரைடு ஏற ஏற அது மஞ்சளாக மாறிக்கொண்டே போகும். அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் தோராயமான அளவு தெரிந்துவிடும். முடிவெடுக்கும் முன் சந்தேகப்பட்டதை மட்டும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

அடுத்து ஒகேனக்கல் தண்ணீர். இந்த இரண்டு மாவட்டங்களின் ஃபுளோரோசிஸை மனதில் வைத்தே, ஜப்பானிய நிதியுதவியோடு கொண்டுவரப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. 2008இல் அடிக்கல், கர்நாடகத்தின் எதிர்ப்பு எல்லாவற்றையும் தாண்டி 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் மேற்பரப்பு நீர். பாறைக்குள் பல வருடம் ஊறிய நீர் அல்ல. அதைச் சுத்திகரித்துக் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். என் இரண்டு கேள்விகளில் முதலாவதில் இது நூற்றுக்கு நூறு. வீட்டுக் குழாயில் வருவதால் குடிக்கவும் சமைக்கவும் இதையே பிடிப்பார்கள். இரண்டாவதிலும் நன்றாகவே தேறுகிறது. லைன் பழுதானால் குழாயில் தண்ணீர் வராது. குடத்தோடு பெண்கள் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தோல்வி ஊருக்கே தெரியும்.

ஆனால் தெரியாத ஒரு தோல்வி இதில் ஒளிந்திருக்கிறது. அது மேல்நிலைத் தொட்டியில் நடக்கிறது. பல ஊர்களில் காவிரித் தண்ணீர் தினமும் முழு அளவுக்கு வருவதில்லை. தொட்டி நிறையாவிட்டால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, ஆபரேட்டரிடம் சண்டைக்கு வருவார்கள். அவர் என்ன செய்வார்? போர் மோட்டாரையும் போட்டு அதே தொட்டியை நிரப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர் அவரிடம் கேட்டது அளவைத்தான். தொட்டியின் கீழே போய் நின்று பார்த்தால், மேலே ஏறும் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒன்றில் காவிரி, ஒன்றில் போர். இரண்டும் உள்ளே போய் ஒன்றாகிவிடுகின்றன. காவிரித் தண்ணீரில் 0.4 என்று வைத்து, பாதிக்குப் பாதி 3 மில்லிகிராம் போர் தண்ணீர் கலந்தால் கிடைப்பது 1.7. எல்லையைத் தாண்டிவிட்டது. ஊரே ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும், பிள்ளைகளின் பல்லில் பட்டை விழுவது மட்டும் நிற்காது.

கலக்காமல் விடுவதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். போர் தண்ணீரைத் தெருமுனை மினி டேங்குகளுக்குத் தனியாகத் திருப்பி, குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்று வைத்துக்கொண்டு, பெரிய தொட்டியைக் காவிரிக்கு மட்டும் ஒதுக்கினால் போதும். அளவு குறையும், நேரம் குறையும். ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது ஐந்து லிட்டர்தான். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு குடம். அதைக் கொடுக்க முடியாத அளவுக்குக் காவிரித் தண்ணீர் குறைந்துபோகும் நாட்கள் அதிகமில்லை. கடைக்கோடி ஊர்களிலும் மேட்டுத் தெருக்களிலும் அப்படிப்பட்ட நாட்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு இரண்டாவது வழி வேண்டும்.

அந்த இரண்டாவது வழி என்றதும் எல்லோரும் ஆர்.ஓ.வுக்குத்தான் போகிறார்கள். ஃபுளோரைடைப் பிரித்தெடுப்பதில் ஆர்.ஓ. கெட்டிக்காரன்தான். சவ்வு நல்ல நிலையில் இருந்தால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும், 3 என்பது 0.3க்குக் கீழே போய்விடும். ஊராட்சியில் ஒரு பிளான்ட் வைத்து, ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ காசு போட்டால் இருபது லிட்டர் கேன் நிரம்புகிற ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. ஆனால் இதை முதல் கேள்வியில் வைத்துப் பாருங்கள். காசு கொடுத்துத் தூக்கி வந்த தண்ணீரை யாரும் உலையில் ஊற்ற மாட்டார்கள். குடிக்க மட்டும் கேன், சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் என்றுதான் வீட்டில் பழக்கம் அமைகிறது. வடித்த சோறு என்றால் கஞ்சியோடு கொஞ்சம் போய்விடும். குக்கர் சோற்றில் ஊற்றியது அத்தனையும் சோற்றிலேயே நிற்கிறது. இந்த மாவட்டத்தின் சாப்பாடான ராகிக் களியிலும் கொதிக்கவைத்த தண்ணீர் முழுக்க மாவுக்குள்தான் போகிறது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். மிச்சமிருப்பதில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகிறது.

அந்தக் குழந்தையின் கணக்கையே மறுபடி போட்டுப் பார்த்தால், குடிப்பது ஆர்.ஓ. என்பதால் அதில் 0.3, சாப்பாட்டு வழியில் 1.5, மொத்தம் 1.8 மில்லிகிராம். 4.5 இருந்த இடத்தில் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் 2.2க்குக் கைக்கெட்டும் தூரம்தான். தேயிலை தானே ஃபுளோரைடை மண்ணிலிருந்து இழுத்துச் சேர்த்து வைக்கிற செடி. காலையில் ஒரு டம்ளர் டீ, அதுவும் குழாய்த் தண்ணீரில் போட்டது, குழந்தைக்குக் கொடுத்தால் எல்லையைத் தாண்டிவிடும். ஆர்.ஓ. வைக்கிற ஊராட்சி விலையை வைக்கும்போது இதை நினைக்க வேண்டும். உலைக்கு ஊற்றத் தயங்காத விலையாக அது இருக்க வேண்டும். முடிந்தால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இலவசம்.

வீட்டு ஆர்.ஓ.வில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல மெஷின்களில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. சவ்வு வழியாக வரும் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று, கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரை அதில் கலந்து ருசி கொடுப்பதற்கு. மெக்கானிக் வந்து, நூறில் இருக்கட்டும் அம்மா, மினரல் வேண்டுமில்லையா என்று அதைத் திறந்துவிட்டுப் போவார். கூடவே ஃபுளோரைடும் உள்ளே வந்துவிடும். டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி நல்ல தண்ணீர் என்பதும் சரியில்லை. 900 காட்டுகிற தண்ணீரில் ஃபுளோரைடு 3 மட்டும்தான், அதை அந்த மீட்டர் தனியாகப் பார்க்காது. 200 காட்டும் போர் தண்ணீரில்கூட எல்லை மீறிய ஃபுளோரைடு இருக்கலாம். ஒரே மெஷினில் உள்ளே போவதும் வெளியே வருவதும் என்ன காட்டுகிறது என்று அவ்வப்போது குறித்து வைத்தால் சவ்வு தேய்ந்துவிட்டதா என்பதை ஓரளவு பிடிக்கலாம். அந்த அளவில் மீட்டர் உதவும். யு.வி., யு.எஃப்., கேண்டில் ஃபில்டர் எதுவும் ஃபுளோரைடைத் தொடுவதில்லை என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

கழிவு நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டு மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர்வரை வெளியே போவது உண்டு. அந்த மூன்று லிட்டரிலும் ஃபுளோரைடு 4 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் அடர்ந்திருக்கும். அது சாக்கடைக்குப் போகிறது, சில இடங்களில் நேராக நிலத்துக்குள் விடுகிறார்கள். குளம் வறண்டு கிடக்கிற மாவட்டத்தில் ஒவ்வொரு வீடும் இதைச் செய்தால் என்ன ஆகும்? லிட்டருக்கு 500க்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள இடத்தில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதற்கு இந்த விரயமும் ஒரு காரணம். ஊராட்சி பிளான்ட் என்றால், கழிவு நீரைப் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் திருப்பும் குழாயை அன்றைக்கே போட்டுவிட வேண்டும். பிறகு போடுகிறோம் என்றால் அது நடக்காது.

கேன் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முறையான பி.ஐ.எஸ். முத்திரை உள்ள கேனில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முத்திரை இல்லாத கேனில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளூர் போரிலிருந்து நிரப்பியதாகவும் இருக்கலாம். ஐந்து பேர் வீட்டுக்கு நாளுக்கு 25 லிட்டர், கேன் 30 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் ஆயிரத்தைத் தாண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் அது நிற்காது. நின்றாலும் சமையலுக்குப் போகாது. எங்களுக்குக் கவலையில்லை என்று சொன்ன பின்வரிசைக்காரர் தன் வீட்டுக் குக்கரில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

செயலூட்டிய அலுமினா என்கிற ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டரை நான் ஒரு காலத்தில் மிகவும் நம்பினேன், இன்றும் அதன் வேதியியலில் குறையில்லை. வெள்ளைக் குருணையாக இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது ஃபுளோரைடு குருணையின் மேல் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், கழிவு நீர் கிடையாது, தண்ணீரின் ருசி மாறாது. 1990களில் யுனிசெஃப் உதவியோடு ஆந்திரத்திலும் ராஜஸ்தானிலும் வீட்டுக்கு வீடு கொடுத்துப் பார்த்தார்கள். பிரச்சினை சில மாதம் கழித்து வரும். குருணையில் இடம் நிறைந்துவிட்டால் அது பிடிப்பதை நிறுத்திவிடும். தண்ணீர் அதே வேகத்தில், அதே தெளிவோடு இறங்கிக்கொண்டிருக்கும். வெளியில் எந்த அடையாளமும் இராது. அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து ஃபுளோரைடைக் கழற்றி, பிறகு நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கி, கழுவிக் காயவைத்து மறுபடி போட வேண்டும். அதை வீட்டில் யார் செய்வது? காஸ்டிக்கும் அமிலமும் கையாளத் தெரிந்த ஓர் ஆள் ஒன்றியத்தில் சம்பளத்தில் இருந்து, முறை வைத்து ஊர் ஊராக வந்து எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தால் இது அருமையான வழி. அந்த ஆள் இல்லாத ஊரில், என் இரண்டாவது கேள்வியில் இதைப்போலத் தோற்கும் வழி வேறில்லை.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கியது. நல்கொண்டா அன்றைய ஆந்திரத்தின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம், இன்று தெலங்கானாவில் இருக்கிறது. கைக்கு எட்டுகிற பொருள்கள்தான். படிகாரம், அதில் இருபதில் ஒரு பங்கு சுண்ணாம்பு, கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர். பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் பஞ்சுபோலத் திரண்டு அடியில் தங்கும். மேலே உள்ளதை இறுத்து எடுக்க வேண்டும். ஆனால் படிகாரத்தின் அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்து மாறும், ஊருக்கு ஊர் வேறு. அளவு தவறினால் ஃபுளோரைடும் முழுதாகப் போகாது, அலுமினியமும் தண்ணீரில் மிஞ்சும். வாயில் ஒரு துவர்ப்பு நிற்கும். தினமும் காலையில் களிக்கு உலை வைத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய பெண்ணிடம் இதையும் ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளர் ஒருவர் நின்று அளந்து போடுகிற பெரிய நிலையத்துக்கு இது பொருந்தும்.

கடைசியாக மழைநீர். கடைசியில் சொன்னாலும் ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக எட்டாத ஊருக்கு நான் முதலில் வைப்பது இதைத்தான். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலும் எல்லோரும் நிலத்துக்குள் விடுகிற குழியைத்தான் வெட்டினார்கள். அது நிலத்தடி நீரை ஏற்ற உதவும். நான் சொல்வது கூரையிலிருந்து நேராகத் தொட்டியில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வதை. வானத்திலிருந்து விழும் தண்ணீர் பாறையைத் தொடவில்லை, அதனால் அதில் கவலைப்படும் அளவு ஃபுளோரைடு இல்லை. தர்மபுரியில் வருடத்துக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் பெய்கிறது. நாற்பது சதுர மீட்டர் கான்கிரீட் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 27,000 லிட்டர் இறங்கும். ஐந்து பேருக்குக் குடிக்கச் சமைக்க வருடம் முழுக்கத் தேவைப்படுவது 9,000 சொச்சம். ஆக மழை போதாது என்ற பேச்சுக்கே இடமில்லை. சேர்த்து வைக்கத்தான் இடம் வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலும் வறட்சி. பாதுகாப்புக்கு ஒரு மாதம் கூட்டி ஐந்து மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 3,750 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று தாராளமாகப் போதும். வீட்டுக்கு வீடு முடியாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் முடியும். பாதிக்கப்படுகிற வயதுப் பிள்ளைகள் பகலில் இருக்குமிடம் அதுதான், சத்துணவு வேகும் இடமும் அதுதான். தொட்டி காலியானால் கண்ணுக்குத் தெரியும் என்பதால் என் இரண்டாவது கேள்வியிலும் இது தேறுகிறது.

ஆனால் மழைநீருக்கு வேறு ஆபத்து இருக்கிறது. கூரையில் பறவை எச்சம், இலை, தூசி எல்லாம் உண்டு. முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், அதற்கான திருப்புக் குழாய் இல்லாமல் தொட்டி கட்டக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், கொசுவலை கிழிந்திருந்தால், தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஃபுளோரைடைத் தவிர்க்கப்போய் டெங்குவை வரவழைத்தோம் என்றாகிவிடும். வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க லட்சக்கணக்கில் கைப்பம்பு போட்டார்கள், அதில் பலவற்றில் ஆர்செனிக் இருந்தது பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்களில் போர் வந்ததும் இப்படித்தான். காலரா, நரம்புச் சிலந்தி என்று திறந்த நீர்நிலைகள் கொடுத்த நோய்களிலிருந்து காப்பாற்றத்தான் அது வந்தது, காப்பாற்றவும் செய்தது. கிருமி நாட்கணக்கில் கொல்லும், ஃபுளோரைடு வருடக்கணக்கில் முடக்கும். அதனால் போரை மூடிவிட்டு ஏரித் தண்ணீரை அப்படியே குடியுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. மழைத் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சியோ குளோரின் மாத்திரை போட்டோ குடித்தால் அந்தப் பயம் தீர்ந்தது. இங்கே காய்ச்சுவதில் தவறில்லை, அதில் அடர்த்தியாக ஃபுளோரைடு இல்லை.

எந்த வழியானாலும் கூடவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கால்சியம் போதுமான அளவு சாப்பிடுகிற குழந்தையின் குடலில் ஃபுளோரைடு அவ்வளவு எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராம் சுற்றி கால்சியம் இருக்கிறது. பால், மோர், முருங்கைக் கீரையிலும் உண்டு. களியைக் கிண்டும் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டால் இந்த மாவட்டத்தின் சாப்பாடே பாதி மருந்து. குழந்தைகளுக்கு டீ கொடுப்பதை நிறுத்துவதற்குக் காசு எதுவும் செலவில்லை.

ஆக 3 மில்லிகிராம் அறிக்கையோடு கிராம சபைக்குப் போகிற ஊராட்சிக்கு என் பரிந்துரை இந்த வரிசையில் இருக்கும். ஒகேனக்கல் லைன் இருந்தால் கலப்பதை நிறுத்தத் தீர்மானம். லைன் தடுமாறுகிற தெருக்களுக்கும் பள்ளி, அங்கன்வாடிக்கும் மழைத் தொட்டி. மழைத் தொட்டிக்குக் கூரை இல்லாத, ஓலை வீடுகள் மிகுந்த இடத்துக்கு ஊராட்சி ஆர்.ஓ., சமைக்கவும் எடுக்கிற விலையில். அலுமினாவும் படிகாரமும் ஆள் இருந்தால் மட்டும். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகளும் உள்ள வீடுகளின் பட்டியல் கிராமச் செவிலியரிடமே இருக்கிறது. எந்த வேலையும் அந்த வீடுகளில் தொடங்க வேண்டும். ஏற்கெனவே பல்லிலும் எலும்பிலும் ஏறியதை நல்ல தண்ணீர் கழுவி எடுத்துவிடாது. ஆனால் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு இன்னும் முழு வாய்ப்பும் மிச்சமிருக்கிறது.

2022லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கோடை தொடங்கி நிலத்தடி நீர் இறங்கும் நேரம் அது. அந்தக் கூட்டத்தில் ஒரு முறையும், மழை ஓய்ந்த பிறகு ஒரு முறையும், போரில் எடுத்த தண்ணீரோடு கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரையும் எல்லோர் முன்னாலும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவைத் தொட்டிச் சுவரில் தேதியோடு எழுதிப் போடச் சொல்லுங்கள். காவிரி வால்வு எந்த நாள், போர் வால்வு எந்த நாள் திறக்கிறது என்பதையும் அதன் கீழேயே ஆபரேட்டர் எழுத வேண்டும்.